சோயாத் தண்ணியும் தைராய்டு மாத்திரையும்

தைப்பூசம் முடிந்த வாரம் அந்த அம்மா மருந்து வாங்க வந்தார். வருடாவருடம் 48 நாள் விரதமிருந்து பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். பல வருடங்களாக ஒரே அளவு லெவோதைராக்சின்தான், அதாவது தைராய்டு குறைபாட்டுக்கான மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 2, 3 என்று அடங்கியிருக்கும்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் போதாவிட்டால் இந்த எண் ஏறும். இந்த முறை 9-ஐத் தாண்டியிருந்தது.

"மாத்திரையை விட்டுட்டீங்களாம்மா?"

"ஒரு நாளும் விடலம்மா. காலைல எழுந்ததும் நீங்க சொன்ன மாதிரி தண்ணியிலதான். விரதத்துல மயக்கம் வரக்கூடாதுன்னு சோயாத் தண்ணியில போட்டுக்கிட்டேன்."

தப்பு என்னுடையதும்தான். பினாங்கில் சோயாப் பாலையும் தண்ணி என்றுதானே சொல்கிறோம்!

சோயா தைராய்டையே கெடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, தாவ்ஃபூ என்ற சோயாக் கட்டியைத் தொடாதவர்களும் என்னிடம் வருகிறார்கள். சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்கள் தைராய்டு ஹார்மோனை உருவாக்கும் நொதியைத் தடுப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததுதான். 1960-களுக்கு முன் அயோடின் சேர்க்காத சோயா மாவுப் பால் குடித்த சில குழந்தைகளுக்குக் கழுத்து வீங்கியதும் உண்மை. பிறகு அதில் அயோடின் சேர்த்தார்கள். சுரப்பி நன்றாக இருந்து, உணவில் அயோடினும் போதுமான அளவு இருந்தால் தாவ்ஃபூவுக்கும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேக்கும் பயப்பட வேண்டியதில்லை.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். இந்த மருந்தைச் சிறுகுடல்தான் உறிஞ்சுகிறது. கூடவே சோயா போனால் ரத்தத்தில் சேரும் மருந்து குறையும். கோப்பியும் அப்படித்தான். அதனால் வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பசியாறுங்கள். சோயாவை மதியத்துக்குத் தள்ளிவிடலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

விரதம் தொடங்கி, மூன்று வேளையும் சோயா இறைச்சி, தாவ்ஃபூ என்று உணவு மாறினால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 6 முதல் 8 வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார். பலர் இதைச் சொல்வதேயில்லை. சாமி காரியத்தை டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்ற தயக்கம். பிறவியிலேயே தைராய்டு குறைபாடுள்ள குழந்தை சோயாப் பால் மாவு குடித்தால் இன்னும் கவனம் தேவை. டாக்டருக்குத் தெரியாமல் பால் மாவை மாற்றவே கூடாது.

அந்த அம்மாவுக்கு டாக்டர் அளவைக் கூட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து டி.எஸ்.எச். 3-க்கு இறங்கியிருந்தது. இப்போதெல்லாம் மாத்திரைப் பையின் மேல் 'பச்சைத் தண்ணீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.