ஓடும் பாடம், நிற்கும் பாடம்

எங்கள் சித்தி 30 வருடமாக ரவிக்கை தைக்கிறார். அவருடைய கைவேலையை ஒரு சின்ன ஆன்லைன் வகுப்பாக மாற்ற உட்கார்ந்தோம். செல்போனில் பார்த்தே, பத்து நாளில் சாதாரண ரவிக்கை ஒன்றைத் தைத்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். முதல் தடவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்தோம். அளவுகளையும் சித்தி வாயால்தான் சொன்னார்: "உயரம் 14, மார்பு 36, இடுப்பு 30, தோள் 14, முன் கழுத்து ஆறரை, பின் கழுத்து 8..." அதைப் பார்த்துத் தைக்க முயன்ற பக்கத்து வீட்டு அக்கா நாலாவது அளவைத் தாண்டவில்லை. நிறுத்துவார், பின்னால் இழுப்பார், மறுபடி கேட்பார். கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் முன்பே அலுத்துப்போனார்.

அவர் கவனமாகத்தான் கேட்டார். மனதில் இடம்தான் போதவில்லை. இப்போது நடப்பதைப் பிடித்துவைத்துக்கொண்டு யோசிக்க உதவும் நினைவைச் செயல்நினைவு என்கிறார்கள். அது ரொம்பச் சின்னது. ஒரே சமயத்தில் ஏறக்குறைய 7 விஷயங்களை மனதில் வைத்திருக்கலாம் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்தார். மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளவோ, தெரிந்தவற்றோடு சேர்த்து முடிச்சுப் போடவோ வழியில்லாதபோது மிஞ்சுவது 4 அளவில்தான் என்றார். அக்கா நின்ற இடமும் கிட்டத்தட்ட அதுதான்.

பேச்சும் வீடியோவும் ஓடுபவை. அடுத்த சொல் வரும்போது முந்தைய சொல் போயிருக்கும், அதை மனம்தான் சுமக்க வேண்டும். எழுத்தும் படமும் அட்டவணையும் நிற்பவை. கண் எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்ளும், சுமை குறைகிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களிலிருந்து ஆராய்ந்தது இந்தச் சுமையைத்தான். ஒரு பாடத்துக்கு எந்த வடிவம் என்று முடிவு செய்யும்போது நான் இப்போது முதலில் கேட்பது, இது ஓட வேண்டிய விஷயமா, நிற்க வேண்டிய விஷயமா என்றுதான்.

அளவுகள் நிற்க வேண்டியவை. அவற்றை வீடியோவிலிருந்து எடுத்துவிட்டு, ரவிக்கையின் கோட்டுப்படம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்திலேயே எழுதினோம். படத்தில் அ, ஆ, இ என்று குறித்துவிட்டு விளக்கத்தைக் கீழே போட்டால் கண் மேலும் கீழும் அலையும். எது எதற்கு என்று பொருத்திப் பார்ப்பதிலேயே செயல்நினைவு தீர்ந்துபோகும். தோளின் அளவு தோளின் மேலேயே இருக்கட்டும்.

தையல் மெஷினில் நூல் கோப்பது இதற்கு நேர் எதிர். நூற்கண்டிலிருந்து கிளம்பும் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே புகுந்து, மேலும் கீழும் ஆடும் நெம்புகோலின் துளைக்குள் நுழைந்து, கீழிறங்கி ஊசிக்கு வர வேண்டும். இதை எழுத்தில் படித்தால் தலை சுற்றும், பார்த்தால் அரை நிமிடத்தில் விளங்கும். அசைவுதான் இங்கே பாடம். அசையும் படம் மேலா, அசையாத படம் மேலா என்று ஒப்பிட்ட 26 ஆய்வுகளை ஜெர்மனியின் ஹோஃப்லரும் லாய்ட்னரும் 2007-இல் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கணக்கில் அசையும் படத்துக்குக் கிடைத்த சாதகம் சுமார்தான். கையால் செய்யும் வேலைகளில் மட்டும் அது வெகுவாகக் கூடியிருந்தது.

கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். எதிரே வைத்து எடுத்தால் சித்தியின் வலது கை பார்ப்பவருக்கு இடது பக்கம் தெரியும். அதை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது வேண்டாத கூடுதல் வேலை. மின்சுற்றுப் பாகங்களைப் பொருத்தக் கற்றுக்கொடுத்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. எதிரிலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்தவர்களைவிட, செய்பவரின் கண் கோணத்தில் எடுத்ததைப் பார்த்தவர்கள் நன்றாகப் பொருத்தினார்கள். சித்தியின் தோளுக்கு மேலே போனைக் கட்டித் தொங்கவிட்டோம். படம் கொஞ்சம் ஆடியது, பரவாயில்லை.

வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்? இணைய வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் 6 நிமிடம் என்பார்கள். அது 2014-இல் வெளியான ஆய்விலிருந்து வந்த எண். எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடத்திட்டங்களில் 862 வீடியோக்களை, 69 லட்சம் தடவை பார்க்கப்பட்ட பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பார்த்த நேரப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மாணவர் அதில் செலவிட்டது அதிகபட்சம் 6 நிமிடம்தான். ஆனால் அவர்கள் அளந்தது பார்த்த நேரத்தை. கற்றது எவ்வளவு என்பது வேறு கேள்வி. அதனால் எனக்கு இதைவிடப் பயன்பட்டது 2001-இல் மேயரும் சாண்ட்லரும் செய்த சோதனை. இடி மின்னல் எப்படி உண்டாகிறது என்று விளக்கும் இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான படம் அது. ஒரு குழு அதை ஒரே ஓட்டமாகப் பார்த்தது. இன்னொரு குழுவுக்கு அதையே 16 துண்டுகளாக வெட்டி, பட்டனை அழுத்தினால்தான் அடுத்தது வரும்படி வைத்தார்கள். துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் பின்னால் கேட்ட புதுக் கேள்விகளுக்கு நன்றாகப் பதில் சொன்னார்கள். இரண்டரை நிமிடமே சிலருக்கு நீளம்தான், வெட்டும் இடம் சரியாக இல்லாவிட்டால். நாங்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு, வேலை தானாக நிற்கும் இடங்களில் வெட்டினோம்: நூல் ஊசிக்கு வந்தாயிற்று, நிறுத்து. அடிநூலைப் பாபினில் சுற்றியாயிற்று, நிறுத்து.

பேசுவதையே திரையில் வரிவரியாக எழுதிக் காட்டும் பழக்கத்தையும் விட்டோம். கை செய்வதைப் பார்க்க வேண்டிய கண் எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது. தெரியாத மொழியில் கேட்பவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் அந்த எழுத்து அவசியம். அதனால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளும்படி தனியாக வைப்பது நல்லது.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நன்றாக எடுத்த வீடியோ, பார்ப்பவரை "எனக்கு வந்துவிட்டது" என்று நம்பவைக்கும். கார்டஸ், ஓ'பிரையன் என்ற இருவர் 2018-இல் இதை அழகாகக் காட்டினார்கள். பின்னால் வழுக்கிப் போகும் மூன்வாக் நடனத்தைச் சிலர் ஒரு தடவை பார்த்தார்கள், சிலர் 20 தடவை. இருபது தடவை பார்த்தவர்களுக்குத் தங்களால் ஆட முடியும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. ஆடச் சொன்னால் ஒரு தடவை பார்த்தவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை. கால் எவ்வளவு எடை தாங்குகிறது, எங்கே வழுக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, செய்தால்தான் தெரியும். தையலிலும் அப்படித்தான். மிதிக்கும் வேகமும் துணியைப் பிடிக்கும் பதமும் எந்த வீடியோவிலும் ஏறாது.

படித்ததற்கும் இதே கதி. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் மாணவர்களுக்கு இரண்டு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒன்றை மறுபடி படித்தார்கள், மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்த பத்தியே முந்தியது: அதில் 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியதில் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. படித்ததில் 42, எழுதியதில் 56. நினைவிலிருந்து வெளியே இழுக்கும் முயற்சியே நினைவைக் கெட்டிப்படுத்துகிறது.

ஆகவே கேள்வியும் பயிற்சியும் பாடத்தின் வாலில் ஒட்டும் தேர்வு என்று நான் நினைப்பதில்லை. வீடியோ, அட்டவணை போல அவையும் பாட வடிவங்களே. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில்கூட வீடியோவோடு படிக்கும் பாடம், சுயமதிப்பீடு, கலந்துரையாடல் ஆகியவையும் இருக்க வேண்டும் என்றே ஒரு பாடத்திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். குறும்பாடம் என்றதும் நாம் முதலில் வெட்டுவது வீடியோ தவிர்ந்த மற்ற மூன்றையும்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

கணக்குக்கு இன்னொரு வடிவம் உண்டு: முழுக்கப் போட்டுக் காட்டிய கணக்கு. மார்பு 36, அதில் நாலில் ஒன்று 9, தளர்வுக்கும் தையலுக்கும் 2, ஆக 11 அங்குலம். புதிதாகக் கற்பவர் தானே முட்டி மோதுவதைவிட இப்படிச் சில கணக்குகளைப் படிப்பதில் சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்று ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். அப்புறம் படிகளை ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். தெரிந்தவருக்கு எல்லாப் படியையும் காட்டினால் அதுவே இடைஞ்சல். இரண்டாவது கணக்கில் கடைசிப் படியை விட்டோம், மூன்றாவதில் 34 என்ற மார்பளவு மட்டும்தான்.

"நான் பார்த்துக் கற்பவள், அவள் கேட்டுக் கற்பவள்" என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஆளைப் பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் கூடுகிறது என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். வடிவத்தை முடிவு செய்வது விஷயம்தான். நூல் கோப்பதை யாரானாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எட்டாம் நாள் காலையில் வகுப்பில் ஒரே ஒரு செய்தி போகும். மெஷினில் இருக்கும் நூலை முழுக்க உருவிவிட்டு, வீடியோ பார்க்காமல் மறுபடி கோத்து, ஒரு கோடு தைத்து, துணியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அடிப்பக்கத்தில் நூல் சுருண்டு கும்பலாகக் கிடந்தால், மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை என்று சித்தி பார்த்ததுமே சொல்லிவிடுவார்.