சமாதானம் சொல்லப் போகிறவர்களுக்கு

ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு, 11-ஆவது மாடி. லிஃப்ட் கதவு திறக்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. கித்தார், கைத்தட்டல், உள்ளே பத்துப் பேராவது இருப்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. படுக்கையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே அறைக் கதவைக் காட்டினார். காற்றுக்குத் திறந்துவிடச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அகலமாகத் திறந்தேன். தலையை ஆட்டினார். மனிதர் சாத்தச் சொல்லியிருக்கிறார்.

சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மிஸ்ஸி, வலி அப்படியேதான் இருக்கு. எனக்கு விசுவாசம் பத்தலையா?" என்று கேட்டார்.

அவருக்குக் கணையப் புற்றுநோய். அந்த வலி மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுக்க விடாது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் மார்பின் சிரப் எடுக்கவில்லை. வந்தவர்களில் யாரோ ஒருவர், "மருந்தை நம்புறீங்களா, ஆண்டவரை நம்புறீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். பெரியவர் ராத்திரி முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

நான் பினாங்கில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் தாதி. குணமாக்க முடியாத நோயில் வலியையும் தவிப்பையும் தணிப்பது எங்கள் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கத்தோலிக்கக் குடும்பம், செபமாலை முடியாமல் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு கிடையாது. அதனால் வெளியே நின்று கல்லெறிகிறவளாக இதை எழுதவில்லை. நோயாளியைப் பார்த்து நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசி, செபித்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. நாம் போகிற விதத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. (இங்கே வருகிறவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு முதலில் சிரப்பைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கியது. முக்கால் மணியில் தலையணையில் சாய்ந்தார். அப்புறம் அவராகவே, "இப்ப செபம் பண்ணலாம் மிஸ்ஸி" என்றார். வெளியே இருந்தவர்களில் ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டோம். கித்தார் கூடத்திலேயே இருந்தது.

மார்பின் என்றாலே நம் வீடுகளில் ஒரு நடுக்கம். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலிக்கென்று ஒரு படிக்கட்டு முறையை வெளியிட்டது. அதில் கடுமையான வலிக்கு உரிய மேல்படியில் இருப்பது இந்த மருந்துதான். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் தூக்கமாக வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் தானாகத் தெளியாது, அதனால் மலமிளக்கியையும் சேர்த்தே கொடுப்போம். "இதைக் குடுத்தா சீக்கிரம் கதை முடிஞ்சிடுமாமே" என்று வாசலில் வைத்து என் காதில் கேட்காத மகனோ மகளோ இல்லை. சரியான அளவில் கொடுக்கும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி பிடுங்கும்போது எந்த வசனமும் காதில் ஏறாது என்பதைத்தான் இத்தனை வருஷத்தில் பார்த்திருக்கிறேன்.

வேதமே அப்படித்தானே சொல்கிறது? அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் எலியா, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடிக்கு அடியில் படுத்துவிடுகிறார். வந்த வானதூதர் அவருக்கு அறிவுரை சொல்லவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்புகிறார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பாடு. மெல்லிய குரலில் கடவுள் பேசுவதெல்லாம் அதற்கப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. இந்தப் பகுதியைக் கோயிலில் வாசிக்கும்போதெல்லாம், அந்தத் தூதர் எங்கள் துறையில் வேலை பார்த்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டர்வொர்த்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், கடவுளை நேசிப்பவர்களுக்கு எல்லாம் நன்மைக்கே என்று உரோமையர் 8:28-ஐச் சொன்னேன். மனப்பாடமாக வந்தது, சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த நன்மைன்னு சொல்லுங்க மிஸ்ஸி, நான் கேட்டுக்கறேன்" என்றார். கோபமாகக்கூட இல்லை. பதில் தெரிந்தால் தேவலை என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. வசனம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது அந்தத் தாய். அவருக்கே என்றைக்காவது தோன்றினால் அவர் சொல்லியிருப்பார். நான் முந்திக்கொண்டேன்.

எங்கள் துறைக்கு வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹோஸ்பிஸை, அதாவது கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். ஆழமான கிறிஸ்தவப் பற்று உள்ளவர். 1948-இல், அவர் சமூகப் பணியாளராக இருந்தபோது, டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூதர் புற்றுநோயில் சாகக் கிடந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று அவர் கேட்க, சாண்டர்ஸ் மனப்பாடமாகத் தெரிந்த 23-ஆம் சங்கீதத்தைச் சொன்னார். அது தாஸ்மாவின் வேதமும்கூட. இன்னும் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது அவர் வேண்டாம் என்றார். உங்கள் மனதிலும் நெஞ்சிலும் இருப்பதுதான் எனக்கு வேண்டும் என்றார். போகும்போது 500 பவுண்டை விட்டுப்போனார். சாகக் கிடப்பவர்களுக்காக நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார். ஜன்னலைச் சுற்றிக் கட்டிடம் எழுப்ப சாண்டர்ஸுக்கு 19 வருஷம் பிடித்தது. உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் தவிப்பு எல்லாம் ஒன்றாக முறுக்கிக் கிடப்பதை அவர்தான் 'மொத்த வலி' என்று பெயர் வைத்து மருத்துவர்களைக் கவனிக்க வைத்தார். நம் நாட்டில் கோலாலம்பூரில் 1991-இல் ஹோஸ்பிஸ் மலேசியா ஆரம்பித்தது. வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. தலைநகரில் இருந்துகொண்டே இது தெரியாத குடும்பங்கள் எத்தனையோ.

சாமியாரைக் கூப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஃபாதர் வந்தா அப்பா பயந்துடுவார், கடைசி நேரத்தில கூப்பிட்டுக்கலாம்" என்பார்கள். சாமியார் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதைப் பழைய தலைமுறை அவஸ்தைப் பூசுதல் என்று சொல்லிப் பழகியது. எண்ணெய் வந்தால் ஆள் போகப்போகிறார் என்று அர்த்தம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றி, நோயில்பூசுதல் என்று ஆக்கியது. கடும் நோயிலோ முதுமைத் தளர்ச்சியிலோ இருப்பவர் யாரும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நினைவு தப்பிய பிறகு கூப்பிட்டால் ஆறுதல் சுற்றி நிற்பவர்களுக்குத்தான். நோயாளி தன் வாயால் ஆமென் சொல்லக்கூடிய நாளிலேயே கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ஒரே வீட்டில் ரெண்டு சாமி இருக்கும் குடும்பங்கள். பினாங்கில் இது சர்வ சாதாரணம். அம்மா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியவர், மகன் ஞானஸ்நானம் எடுத்தவர், மருமகள் ஜூலை 26 திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருபவர். தலைமாட்டில் திருநீற்றுச் சம்புடமும் அந்தத் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். யாரும் சண்டை போடாதவரை நோயாளிக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. "இப்பவாச்சும் அம்மா ஏத்துக்கணும்" என்று மகன் நெருக்க ஆரம்பித்தால்தான் கஷ்டம். எழுந்து வெளியே போக முடியாதவரிடம், மூச்சு வாங்குகிறவரிடம், நம் விசுவாசத்தை ஏற்கச் சொல்லி நெருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு தாதி அதைச் செய்யவே கூடாது. நானாக மதப் பேச்சை எடுப்பதில்லை, "உங்களுக்கு எது பலம் குடுக்குது?" என்று மட்டும் கேட்பேன். சிலர் முருகன் என்பார்கள், சிலர் பேரப்பிள்ளை என்பார்கள், ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட் என்றார். முஸ்லிம் வீடுகளில் இன்னும் கவனமாக இருப்பேன். அவர்களிடையே வேறு சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவு இடம் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

கடைசி நாள்களில் வாயில் பால் ஊற்றுவது, தீர்த்தம் ஊற்றுவது பற்றி: ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போனவருக்கு அது நெஞ்சுக்குள் போய் மூச்சைத் திணற வைக்கும். பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒற்றி எடுங்கள். அன்னம்மாள் தண்ணீரானாலும் சரி, காசித் தீர்த்தமானாலும் சரி, அவ்வளவு போதும். இதைச் செய்து காட்டும்போது சண்டை போட்ட மகனும் மருமகளும்கூட ஆளுக்கொரு பஞ்சு எடுத்துக்கொள்வார்கள்.

படுத்திருப்பவரை எல்லாரும் பார்க்கிறோம், பக்கத்தில் இருக்கும் மகளை யாரும் பார்ப்பதில்லை. மூணு மாசமாகத் தொடர்ந்து ரெண்டு மணி நேரம்கூடத் தூங்காதவர். வந்தவர்களுக்குத் தே ஓ கலக்குகிறவரும் அவர்தான். அவருக்காகச் செபிக்கிறோம் என்றால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவரைத் தூங்க அனுப்பலாம். "நானும் அப்பாவோடவே போயிடலாம்போல இருக்கு" என்று அவர் சொன்னால் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். கூடவே இருங்கள், சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-ஐ அவருக்காக நீங்களே அழுத்திக் கொடுங்கள்.

யோவான் 14:27 பழைய மொழிபெயர்ப்பில், "சமாதானத்தை உங்களுக்கு வைத்துப்போகிறேன்" என்று வரும். எங்கள் கோயிலில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில், "அமைதியை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன்". அமைதி அழகான சொல்தான். ஆனால் அமைதியாக ஒருத்தர் தனியாகவே இருந்துவிடலாம். சமாதானமாக ரெண்டு பேர் வேண்டும். யேசு பேசிய மக்களின் ஷாலோமும் இங்கே நாள் முழுக்க நம் காதில் விழும் சலாமும் ஒரே வேரில் முளைத்தவை. நம் ஊர்த் தமிழிலும் சண்டை போட்ட அண்ணன் தம்பியைத்தானே சமாதானம் பண்ணி வைக்கிறோம்?

ஆயர் ஈத்தாமில் ஓர் அண்ணன். பெர்ரிக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் தம்பி. அம்மா விட்டுப்போன வீட்டை விற்றதில் தகராறு. 9 வருஷமாகப் பேச்சில்லை. அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய், கடைசி வாரங்கள். ஓயாமல் போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தார். இப்படித் தவிப்பவரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது ஆன்மாவை இல்லை, மூத்திரப்பையை. அது நிறைந்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, படுக்கைப் புண் இருக்கிறதா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளவில்லையா. எல்லாம் பார்த்தாயிற்று. மூச்சுத் திணறலுக்கு முகத்துக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறியும் வைத்தாயிற்று. தவிப்பு நிற்கவில்லை. செபிக்க வந்த ஒரு வயதான அம்மாதான், பாட்டும் இல்லாமல் வசனமும் இல்லாமல் அரை மணி நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது மகளிடம், "உங்கப்பா ரெண்டு மூணு தடவை தம்பி பேரைச் சொன்னாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். மறுநாள் சாயங்காலம் வந்தார். வாசலிலேயே நின்றார். அண்ணன் பார்த்தார். எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பெர்ரியிலயா வந்த?"

"ஆமாண்ணே."

"சாப்பிட்டியா?"

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் வரவில்லை. தம்பி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகம் வளர்ந்து, மஞ்சளாகி, வளைந்திருந்தது. எங்கள் யார் கண்ணிலும் அது படவே இல்லை. "மிஸ்ஸி, நகவெட்டி இருக்கா?" என்று கேட்டார். வெந்நீரில் துணியை நனைத்துக் காலைச் சுற்றி ஊறவைக்கச் சொல்லிவிட்டு நகவெட்டியைக் கொடுத்தேன். மடியில் பழைய பேப்பரை விரித்து, வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக, சதையில் படாமல், மெதுவாக வெட்டினார். போர்வையை இழுத்துக்கொண்டிருந்த கை எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. சுண்டுவிரலுக்கு வந்தபோது அண்ணன் தூங்கிவிட்டிருந்தார்.

தம்பி பேப்பரை மடித்தார். போர்வையை இழுத்து ரெண்டு காலையும் மூடினார். "இடது கால் நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, என் நகவெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.