இரைப்பைப் புற்றுநோய்: ரத்த ரிப்போர்ட்டைவிட பயாப்சித் திசு சொல்வது அதிகம்

இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் என்று உறுதியானதும், குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கவலைப்படுவது ரத்தப் பரிசோதனை எண்களைப் பார்த்துத்தான். சிஇஏ, சிஏ 19-9 என்பவை புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்கள். சிஇஏ ஏறியிருக்கிறதே, சிஏ 19-9 இவ்வளவு என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் ரொம்ப முற்றிவிட்டதா என்று கேட்பார்கள். நான் நோய்க்குறியியல் மருத்துவர், பயாப்சித் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த எண்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். திசுவில் எந்தெந்த மார்க்கர்களை, அதாவது கட்டியின் தன்மையைக் காட்டும் அடையாளங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே சிஇஏ கூடியிருக்கலாம். பித்தநாளம் அடைத்துக்கொண்டால் சிஏ 19-9 ஏறும். பிறவியிலேயே சிஏ 19-9ஐ உருவாக்க முடியாத உடல்வாகு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு நோய் எவ்வளவு பரவினாலும் அந்த எண் அசையாது. தொடக்கத்தில் கூடியிருந்த எண் சிகிச்சைக்குப் பிறகு இறங்குகிறதா, மறுபடி ஏறுகிறதா என்று கண்காணிக்க இவை உதவும். அதற்கு மேல் இவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நோயின் போக்கு எப்படி இருக்கும் என்பதை இன்றும் பெருமளவு தீர்மானிப்பது நோயின் நிலைதான். கட்டி சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறது, கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ போய்விட்டதா, அறுவை சிகிச்சையில் விளிம்பில் மிச்சமில்லாமல் எடுக்க முடிந்ததா என்பவைதான் முக்கியம். திசு மார்க்கர்கள் பெரும்பாலும் பதில் சொல்வது வேறு கேள்விக்கு: இந்தக் கட்டிக்கு எந்த மருந்து வேலை செய்யும்?

ஹெர்2வை எடுத்துக்கொள்வோம். புற்றுசெல்லின் மேற்பரப்பில் இருந்து அதை வளரத் தூண்டும் புரதம் இது, திசுவில் சாயமேற்றி இதைத் தேடுகிறோம். இரைப்பை, இரைப்பை-உணவுக்குழாய்ச் சந்திப்புப் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இது பாசிட்டிவாக வரும். மார்பகப் புற்றுநோயில் ஹெர்2 சாயம் செல்லைச் சுற்றி முழு வளையமாகப் பிடிக்கும். இரைப்பையில் பல நேரம் அப்படி வராது. செல்லின் இரு பக்கமும் அடியும் மட்டும் பழுப்பாகி, மேல்புறம் திறந்த ‘ப’ வடிவத்தில் தெரியும். முழு வளையத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் பாசிட்டிவை நெகட்டிவ் என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அதனால்தான் இரைப்பைக்கென்று தனி மதிப்பெண் முறை இருக்கிறது. 3 வந்தால் பாசிட்டிவ், 0, 1 வந்தால் நெகட்டிவ். 2 வந்தால் முடிவு இன்னும் ஆகவில்லை, மரபணு அளவில் ஃபிஷ் பரிசோதனை செய்தாக வேண்டும். 2 என்ற ரிப்போர்ட்டோடு ஃபிஷ் செய்யாமல் கீமோ தொடங்கப்போகிறார்கள் என்றால், தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு சிக்கல், ஒரே கட்டிக்குள் ஒரு மூலை அடர் பழுப்பாக இருக்கும், பக்கத்து மூலையில் நிறமே இருக்காது. எண்டோஸ்கோபியில் ஒன்றிரண்டு துணுக்கு மட்டும் எடுத்தால் தப்பான மூலை சிக்கிவிடலாம். ஆறிலிருந்து எட்டுத் துணுக்காவது வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான். அப்புறம், திசு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் கெட்டால் எவ்வளவு நல்ல லேபாலும் சரியான ரிசல்ட் தர முடியாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2010இல் வெளியான டோகா ஆய்வில், பரவிய நிலையில் இருந்த ஹெர்2 பாசிட்டிவ் நோயாளிகளுக்குக் கீமோவோடு ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிட அதிகம் வாழ்ந்தார்கள் என்று பொருள். யாருக்கும் குறித்துக்கொடுத்த நாள் அல்ல அது. இணையத்தில் இப்படி எண்களைப் படித்துவிட்டு ஒடிந்துபோகிறவர்களைப் பார்க்க மனசு வலிக்கிறது.

பிடி-எல்1 என்ற புரதம் இம்யூனோதெரபிக்கான, அதாவது உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் சிகிச்சைக்கான மார்க்கர். சாயம் பிடித்த புற்றுசெல்களோடு பக்கத்தில் உள்ள நோயெதிர்ப்பு செல்களையும் எண்ணி, மொத்தப் புற்றுசெல்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது சிபிஎஸ். இந்த எண் 4க்கும் 6க்கும் நடுவே இருக்கும்போது, அனுபவமுள்ள இருவர் பார்த்தால்கூட கணக்கு கொஞ்சம் மாறலாம். 2021இல் வெளியான செக்மேட் 649 ஆய்வில், சிபிஎஸ் 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு கீமோவோடு இம்யூனோதெரபி மருந்தான நிவோலுமாப் சேர்த்தபோது இடைநிலை ஆயுட்காலம் 11.1இலிருந்து 14.4 மாதமானது.

என் கணிப்பில் யாரும் தவறவிடக் கூடாதது எம்எஸ்ஐ பரிசோதனைதான். டிஎன்ஏ பிழைகளைச் செல் திருத்த முடியாமல் போன நிலையைத்தான் எம்எஸ்ஐ என்கிறோம். டிஎன்ஏ பழுதுபார்க்கும் நான்கு புரதங்கள் திசுவில் இருக்கின்றனவா என்று பார்ப்போம். அவற்றில் ஏதாவது இல்லையென்றால், அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் உள்ளவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைவு. பரவிய நிலையிலும் இம்யூனோதெரபிக்கு இந்தக் கட்டிகள் நன்றாகக் கட்டுப்படுகின்றன. நோயின் போக்கு, மருந்துத் தேர்வு இரண்டையும் ஒரே பரிசோதனை சொல்கிறது. சிலருக்கு இது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கும். அப்படியானால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும்.

ஹெர்2 நெகட்டிவ் என்றால் கிளாடின் 18.2 என்ற புரதத்தைப் பார்க்கலாம். 75 சதவீதத்துக்குக் குறையாத புற்றுசெல்களில் சாயம் நன்றாகப் பிடித்தால் அதைக் குறிவைக்கும் சோல்பெடக்ஸிமாப் மருந்து பயன்படும். உணவுக்குழாயின் உட்பரப்பிலுள்ள தட்டைச் செல்களில் தோன்றும் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய்க்கு இதுவும் ஹெர்2வும் வழக்கத்தில் இல்லை, அங்கே பிடி-எல்1தான் முக்கியம். எனவே உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நோய் திரும்பி வந்தால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்ப வேண்டாம். டிராஸ்டுசுமாப் எடுத்த சிலருக்கு ஹெர்2 மறைந்துவிடுகிறது, முடிந்தால் புதிதாக பயாப்சி எடுப்பது நல்லது. வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ஸ்கேன் படங்களோடு, திசு வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.