மூட்டைப்பூச்சி ஏன் லேசில் ஒழிவதில்லை?

ஒரு மூட்டைப்பூச்சி நம்மைக் கடிக்கும் நேரம் மிகச் சொற்பம். சில நாட்களுக்கு ஒரு தடவை வந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் இரத்தம் உறிஞ்சிவிட்டுத் திரும்பிப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஓர் இடுக்கில் அசையாமல் கிடக்கும். நமக்கு ஆத்திரம் வருவது அந்தப் பத்து நிமிடத்தின் மீது. ஆனால் மருந்து போய்ச் சேரவேண்டியது அந்த இடுக்குக்கு. தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முழுதாக வளர்ந்தாலும் அது ஏறத்தாழ அரை சென்டிமீட்டர்தான். இறக்கை கிடையாது. பசித்திருக்கும்போது உடல் தட்டையாக இருப்பதால், விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியில் அதுவும் நுழைந்துவிடும். மெத்தைத் தையல், கட்டில் பொருத்து, திருகாணி ஓட்டை, சுவிட்ச் பெட்டி, புத்தக முதுகு என எங்கும் குடியேறும். தூங்குபவரின் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடும் உடல் சூடும் வாசனையும் அதற்கு வழிகாட்டுகின்றன.

கடிக்கும்போதே நாம் விழித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் அதன் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன; இரத்தக் குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைச் சுமந்து வரும் புரதமும் உண்டு. குத்துவது தெரியாமலே வேலை முடிந்துவிடும். அரிப்பும் தடிப்பும் நம் நோயெதிர்ப்பு மண்டலம் அந்த உமிழ்நீருக்குக் காட்டும் எதிர்வினை. அது சில மணி நேரம் கழித்தோ, சில நாள் கழித்தோ வரலாம். சிலருக்கு வருவதே இல்லை. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவர் விடிய விடியச் சொறிவார், மற்றவர் “கொசுவாக இருக்கும்” என்பார். இந்த வாக்குவாதத்திலேயே சில வாரங்கள் ஓடிவிடும். பெண் பூச்சிக்கு அந்த அவகாசம் போதும். நாளுக்கு ஒன்றிரண்டு வீதம் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடக்கூடியது அது.

அதன் இனப்பெருக்கம் கொஞ்சம் கொடூரமானது. ஆண் பூச்சி ஊசி போன்ற உறுப்பால் பெண்ணின் வயிற்றைத் துளைத்து விந்தணுவைச் செலுத்துகிறது. திரும்பத் திரும்பக் குத்துப்படுவது பெண்ணுக்கு ஆபத்து என்பதால், கருவுற்ற பெண் கூட்டத்தை விட்டு விலகிப் போவதும் உண்டு. அப்படி விலகிய ஒன்று ஒரு பெட்டியிலோ பையிலோ ஏறினால் போதும், போய்ச் சேரும் வீட்டில் புதுக் குடும்பம் உருவாகிவிடும். அதன் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இணைசேர்ந்து பெருகும். நெருங்கிய உறவில் இனம் பெருகுவதால் பல உயிர்களுக்கு வரும் நலிவு இவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரையொட்டிப் புழக்கத்துக்கு வந்த டிடிடி, மூட்டைப்பூச்சியை ஏறக்குறையத் துடைத்தெடுத்தது. ஆனால் 1947-லேயே ஹவாயின் பேர்ல் ஹார்பரில் டிடிடிக்குச் சாகாத பூச்சிகள் தென்பட்டன. பூச்சியின் நரம்பில் சோடியம் அயனிகள் நுழைய நுண்ணிய வாசல்கள் உண்டு. டிடிடி அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும்; நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி செத்துவிழும். மரபணு மாற்றத்தால் வாசலின் அமைப்பு சற்றே மாறிய பூச்சிகளிடம் டிடிடியின் பிடி சரியாக விழுவதில்லை. அவை பிழைத்துப் பெருகின. பின்னாளில் வந்த பைரித்ராய்டு மருந்துகளும் தாக்குவது இதே வாசலைத்தான்! பழைய மருந்தில் தேறிய வம்சத்துக்குப் புதிய மருந்து பாதி பழகியதாகிவிட்டது. போதாக்குறைக்கு, மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும் பூச்சிகளும் இருக்கின்றன. மேல்தோல் தடித்த பூச்சிகள் பைரித்ராய்டைக் கூடுதல் நேரம் தாங்குவதை 2016-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே கடையில் கிடைத்த ஸ்பிரேயை வாங்கி அறை முழுக்க அடிப்பது, என்னைக் கேட்டால், பல சமயம் சும்மா இருப்பதைவிட மோசம். இடுக்குக்குள் மருந்து போகாது. மருந்தின் நெடி பட்ட பூச்சிகள் பக்கத்து அறைக்கு நகரவும் கூடும். முட்டைகளோ பசைபோட்டு ஒட்டியபடி இருக்கும். பல மருந்துகள் அவற்றைத் தொடுவதில்லை. ஆறு முதல் பத்து நாளில் அவை பொரிந்துவிடும். இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மருந்தடிக்க வருகிறார்கள்.

பட்டினி போடலாம் என்று வீட்டைப் பூட்டிவிட்டுப் போனாலும் பலனில்லை. சாதாரண அறை வெப்பத்தில் சில மாதங்களும், குளிர்ந்த இடத்தில் ஓராண்டு வரையிலும் சாப்பிடாமல் தாக்குப்பிடிக்கும். அறை மாற்றிப் படுத்தால் புது அறைக்கும் பூச்சியைக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான்.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது பற்றிப் பழமொழி உண்டு. கொளுத்தத் தேவையில்லை, ஆனால் சூடு என்ற யோசனை சரியானது. 48 டிகிரி செல்சியஸில் முட்டைகள் சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 55 டிகிரியைத் தொட்டால் ஏறக்குறைய உடனே செத்துவிடும். சூட்டுக்கு இதுவரை மூட்டைப்பூச்சி பெரிதாகப் பழகிக்கொள்ளவில்லை. துணிகளைக் கொதிநீரில் துவைத்துச் சூடான டிரையரில் போட்டால் வேலை முடியும். மெத்தையை வெயிலில் போடுவதை மட்டும் நம்ப முடியாது: மேற்பரப்பு கொதித்தாலும் உள்ளும் அடியிலும் அவ்வளவு சூடு ஏறாது, பூச்சி அங்கே நகர்ந்துவிடும்.

நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லாததால் கொசுவுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கும் வழவழப்பான பொறிக் கிண்ணங்கள் நல்ல உபாயம்தான், ஆனால் மிதவெப்ப நாடுகளின் மூட்டைப்பூச்சிக்கு. வெப்பமண்டல இனத்துக்குக் கால்களில் பற்றிக்கொள்ளும் மயிர்கள் அதிகம். அது அந்தக் கிண்ணத்தின் வழவழப்பான சுவரிலும் ஏறி வந்துவிடுகிறது.