நாற்பது நாள் வேலையில் பதினெட்டு நாள் எங்கே போனது?

டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி ஒருவர், நக இடுக்கில் ஒயிட் சிமென்ட் காய்ந்த கையோடு, நான்காக மடித்த ஒரு பில்லை என் மேசைமீது பிரித்து வைத்தார். 2024-25ஆம் நிதியாண்டில் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அவர் முடித்துக் கொடுத்த லேபர் கான்ட்ராக்டுக்கான பில் அது. தொகை 1,40,000 ரூபாய். கைக்கு வந்தது 1,12,000. தனிநபர் ஒப்பந்ததாரருக்கு ஒரு சதவீதம், அதாவது 1,400 ரூபாய் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே வருமான வரிக்காக முன்கூட்டிப் பிடிக்கும் தொகை) பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடித்திருந்தார்கள். அவருடைய பான், ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்ததே காரணம்.

பில்லில் ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். ஆனால் நாற்பது நாள் நடந்த அந்த வேலையில், கொத்தனாருக்கு நாளொன்றுக்கு 1,200, சித்தாளுக்கு 800 என்று 80,000 ரூபாயை அவர் கூலியாகக் கொடுத்திருந்தார்; அதில் கை வைக்க முடியாது. அவருக்கென்று மிஞ்ச வேண்டியது 60,000, நாளுக்கு 1,500. பிடித்த 28,000 முழுவதும் அதிலிருந்துதான் போனது. பதினெட்டு நாளுக்கு மேல், முழங்கால் நோகத் தரையில் குந்தியிருந்து அவர் செய்த வேலைக்குக் கூலி இல்லை என்று பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிப் பெயர்களோடு ‘வெட்டி’ என்ற சொல்லும் அடிக்கடி வரும்; கூலியின்றிச் செய்து தர வேண்டிய கட்டாய உழைப்பை அது குறித்தது. உழைப்பைப் பணமாகப் பிடிக்கும் இக்காலத்தில், போன நாள்களை நாமேதான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது, அந்தப் பணம் திரும்பக் கிடைக்கக்கூடியது என்பதுதான். அவருடைய ஆண்டு வருமானம் ஏழு லட்சத்துக்குள் இருந்ததால், புதிய வரி முறையில் அவர் கட்ட வேண்டிய வரி ஏதுமில்லை. “அவங்கதான் பிடிச்சிட்டாங்களே சார், நான் வேற எதுக்குக் கணக்கு கொடுக்கணும்?” என்று கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிடித்தம் என்பது முன்கூட்டிய வசூல் மட்டுமே. ரிட்டர்ன், அதாவது வருமான வரிக் கணக்கு, தாக்கல் செய்தால்தான் ரீஃபண்டு வரும். நிதியாண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 31ஐத் தாண்டிவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப்போட்டு அலைய வேண்டியிருக்கும். பிறகு தாக்கல் செய்யும் அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்டு கேட்க முடியாது.

ஆகவே அடுத்த பில்லைக் கொடுக்கும் முன்பே, உங்கள் பான் செயலில் இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அந்த மேஸ்திரி பானை ஆதாருடன் இணைக்கக் கட்டிய கட்டணம் 1,000 ரூபாய், அவருடைய ஒரு நாள் வருமானத்தைவிடக் குறைவு.