குதிகால் வலி என்றார், முதுகைத் தட்டிப் பார்த்தேன்

"எட்டடிதான் டாக்டர். ஓர் ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு வேலை இருக்கு."

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் அவர். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு சீலிங் அடிக்கிறார். ஏணி சறுக்கி, நின்றபடியே கீழே வந்து இரண்டு குதிகாலும் தரையில் இடித்திருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். அதுவும் வழியில் சுளுக்கு எடுத்துவிட்டு!

பாதத்தின் அடி கன்றிக் கிடந்தது. நான் முதுகைத்தான் தேடினேன். இடுப்புக்குச் சற்று மேலே மெல்லத் தட்டியதும் ஆள் துடித்துப்போனார்.

குதிகால் எலும்புக்கு வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு. நின்றபடி விழுந்தால் அது நொறுங்கும். மிச்ச அதிர்ச்சி கால் வழியாக ஏறி, நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு இடுப்புப் பகுதியோடு சேரும் இடத்தில் முட்டும். அங்கே நசுங்கிய எலும்புத் துண்டு நரம்பை அழுத்தலாம். இப்படிக் குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் உடைந்திருக்கும். குதிகால் வலி பெரிதாக இருப்பதால் முதுகு வலி தெரியாமலே போகும். அதனால் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கிடக்கிறபடியே கிடக்கட்டும், 999-ஐ அழையுங்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் வராமல் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஏணி எப்படிச் சறுக்கியது? விரித்து நிறுத்த வேண்டிய ஏணியை மடித்தபடியே சுவரில் சாய்த்திருக்கிறார். மடித்தால் அதன் பாதம் தரையில் முழுசாகப் படியாது. ரப்பர் தேய்ந்திருந்தது, டைல்ஸில் தண்ணீர் வேறு. ஒரு கை தூரம்தானே என்று எட்டியிருக்கிறார். பெல்ட் பக்கிள் ஏணிச் சட்டத்தைத் தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்தணும். சாய்ப்பு ஏணி என்றால் நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி வைக்கணும்.

"சின்ன வயசுல ரம்புத்தான் மரம் ஏறாத நாளில்ல டாக்டர்."

"மரத்துக்கு வேர் இருக்கே அண்ணே."

சரி, அப்புறம் வேலை கொடுத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதச் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. வேலையில் விழுந்ததாகப் பதிவானால்தான் சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிடம் சிகிச்சைச் செலவும், வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடும் கேட்க முடியும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு.

'சீலிங் வேலையின்போது ஏணியிலிருந்து' என்று எழுதி, பலகையில் படுக்க வைத்து ஆம்புலன்ஸில் அனுப்பினேன்.