டீட்டன் அணை எப்படி உடைந்தது?

ஐடஹோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் டீட்டன் ஆற்றில் அமெரிக்க அரசு கட்டிய 93 மீட்டர் உயர மண் அணை, முதல்முறையாக நீர் தேக்கும்போதே 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. வெள்ளம் அணைக்கு மேலே வழியவில்லை, நிலநடுக்கமும் வரவில்லை. நீர் உள்ளேயிருந்து அரித்தது.

மண் அணையில் நீரைத் தடுப்பது நடுவிலுள்ள உட்கரு. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதால் இதற்குக் களிமண்ணைத்தான் தேடுவார்கள். டீட்டனில் பக்கத்திலேயே கிடைத்தது காற்று கொண்டுவந்து குவித்த வண்டல். இறுக்கினால் நீர் எளிதில் புகாது. ஓடும் நீர் பட்டாலோ மாவாகக் கரையும்.

இரு கரைகளிலும் வெடிப்புகள் மலிந்த எரிமலைப் பாறை. அதனால் சுமார் 20 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அதே வண்டலைக் கொட்டி இறுக்கினார்கள். அதற்கும் கீழே துளையிட்டு சிமெண்ட் பால் செலுத்தினார்கள். வினை அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. குறுகிய, செங்குத்தான பள்ளத்தில் நிரப்பிய மண் தன் எடையில் ஒரு பங்கைப் பக்கச் சுவர்கள்மேல் ஏற்றிவிடும். அடிமண்ணில் அழுத்தம் குறையும். நீரழுத்தம் அதை மிஞ்சினால் மண் பிளக்கும். பாறை வெடிப்புகளின் வாயும் சரியாக அடைபடவில்லை. ஆக, நீர் ஒரு வெடிப்பு வழியே வந்து, மண்ணை அள்ளிக்கொண்டு, மறுபுற வெடிப்பில் இறங்கியது. மண்ணுக்கும் பாறைக்கும் இடையே மணல், சரளை வடிகட்டி இருந்திருந்தால் துகள்கள் அங்கேயே நின்றிருக்கும். மற்ற குறைகளையெல்லாம்விட இதுதான் மன்னிக்க முடியாதது.

நிரப்பிய வேகமும் உதவவில்லை. நாளுக்கு 1 அடி என்ற வரம்பைத் தளர்த்தினார்கள்; பனி உருகும் மே மாதத்தில் 3 அடி ஏறிய நாட்களும் உண்டு. பிரதான மதகுச் சுரங்கமோ இன்னும் வேலை முடியாமல் கிடந்தது. நீர்மட்டத்தை விரைவாக இறக்க வழியில்லை.

ஜூன் 3 அன்று அணைக்குக் கீழே தெளிந்த ஊற்றுகள் தெரிந்தன. தெளிந்த கசிவு எல்லா மண் அணையிலும் உண்டு. 5ஆம் தேதி காலை வலது கரையில் வந்ததோ கலங்கல் நீர். அணையின் மண்ணே வெளியேறுகிறது என்று அதற்குப் பொருள். பத்தரை மணிவாக்கில் கீழ்ச்சரிவில் ஓட்டை விழுந்தது. மண் தள்ளி அடைக்கப்போன இரண்டு புல்டோசர்களும் அதற்குள்ளேயே சரிந்தன. மேல்புறத்தில் நீர்ச்சுழல் தோன்றியது. 11:55க்கு அணையின் உச்சி இடிந்து விழுந்தது.

வில்ஃபோர்ட், சுகர் சிட்டி, ரெக்ஸ்பர்க் ஊர்களை வெள்ளம் வாரிச் சென்றது; 11 பேர் இறந்தார்கள். பகல் நேரம், முன்கூட்டியே எச்சரிக்கையும் போனது, இல்லையென்றால் கணக்கு வேறாக இருந்திருக்கும். அணையைத் திரும்பக் கட்டவில்லை.